மூன்றாவது பாடு

சென்னை
3 பிப்ரவரி 2025

இளவரசி அவர்களுக்கு,

வணக்கம். இனி போனில் பேசுவதில்லை, எதுவானாலும் கையெழுத்துப் போட்டு எழுதி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டீர்கள். முப்பத்தோரு வருடம் நாளிதழ் நிருபராக எழுதிப் பிழைத்தவன் நான். எனக்கு இது வசதிதான்.

முதலில் ஜனவரி பதினெட்டாம் தேதி நடந்தது பற்றி. உங்கள் பாடகர் குழு ஆண்களைச் சட்டையைக் கழற்றிவிட்டு, படகில் மெழுகுவர்த்தியோடு நின்று பாடச் சொன்னது எங்கள் படப்பிடிப்புக் குழுவின் தவறு. நீங்கள் கேமராவை மூடச் சொல்லி எங்கள் ஆட்களை பஸ் ஏற்றி அனுப்பியது சரி. நான் அப்போது பொன்னேரியில் இருந்தேன் என்பது காரணம் ஆகாது. ஸ்கிரிப்ட் என்னுடையது.

இப்போது விஷயம். கிறிஸ்தவச் சேர்ந்திசையின் வரலாறு பற்றிய எங்கள் தொடர் எட்டுப் பகுதிகள். எல்லோரும் ஒரே குரலில் ஓதிய பழைய காலத்தில் தொடங்கி, நான்கு குரலாகப் பிரிந்து பாடிய காலம் வழியாக, தமிழ்க் கடற்கரைச் சபைகள் வரை வருகிறது. ஆறாம் பகுதியில் பழவேற்காட்டுக்குப் பதினோரு நிமிடம். அந்தப் பதினோரு நிமிடமும் நீங்கள் தந்த கேசட்டில் நிற்கிறது. 1994 ஏப்ரல் முதல் தேதி, பெரிய வெள்ளி ஆராதனை. உங்கள் மாமனார் சாம் வாத்தியார் இயற்றி நடத்திய பாடல். அதன் மூன்றாம் பாகத்தில் நான்கு வரியை, ஆண்களின் கீழ்க்குரலான பேஸ் குரல் ஒன்று தனியாகப் பாடுகிறது. எட்டுப் பகுதிகளுக்காக நாங்கள் கேட்ட குரல்களில் அதைப் போல இன்னொன்று இல்லை.

அது யார் என்று உங்கள் ஊரில் கேட்டபோது ஒவ்வொருவரும் ஒரு பெயர் சொன்னார்கள். கேசட் இருந்த பழைய பெட்டியோடு நீங்கள் கொடுத்தனுப்பிய சாம் வாத்தியாரின் குறிப்பேட்டில் இப்போது எழுத்துச் சான்று கிடைத்திருக்கிறது. பாடியவர் தருமன், உங்கள் தந்தை.

இரைச்சல் நீக்கிய ஒலிப்பதிவை பென்டிரைவில் இணைத்திருக்கிறேன். கேட்டுவிட்டு, குடும்பத்தின் சம்மதத்தை ஒரு வரியில் எழுதுங்கள்.

பிரபாகரன்

பழவேற்காடு
9 பிப்ரவரி 2025

பிரபாகரன் சாருக்கு இளவரசி எழுதுவது.

மன்னிப்பு வந்து சேர்ந்தது. குழுவில் வாசித்துக் காட்டினேன். சட்டை விஷயத்துக்கு இன்னும் கோபம் தீரவில்லை. எங்கள் ஆளுங்க சர்ச்சுக்கு வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டையோடு வருகிறவர்கள். ஏரியில் அழுக்கானால் பரவாயில்லை, கொயரில் ஆகாது என்பது மாமனார் வைத்த சட்டம். அப்புறம், படகில் யாரும் பாடுவதில்லை. சுப்பராயலு மாமா அன்றைக்கே உங்க டைரக்டரிடம் சொன்னாரே, "தம்பி, எறாலுக்கு காது கேக்கும்"னு. அவர் அதைக் குறிப்பு எழுதிக்கொண்டார். அது கிண்டல் சார்.

இனி நைனா விஷயம். உங்கள் கடிதத்தை நான் மூன்று தரம் படித்தேன். நைனா இறந்துபோனபோது எனக்கு ஏழு வயசு. அவர் என்னைக் கூப்பிட்டது காதில் இருக்கிறது, பாடி நான் கேட்டதில்லை. அவர் சர்ச்சுக்காரரும் இல்லை. எங்கள் வீடு எல்லையம்மன் கோயில் வீடு, நான்தான் கல்யாணம் ஆகி சபைக்கு வந்தவள். ஆனால் மாமனார் காலத்தில் பேஸ் பாட ஆள் இல்லாமல் குப்பத்து ஆம்பளைகளைக் கூப்பிட்டுப் பழக்கினார் என்பது ஊருக்கே தெரியும். "சாமி எதுவா இருந்தாலும் சரி, சுதி மட்டும் ஒண்ணா இருக்கணும்" என்பாராம்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா பேர் இந்திராணி, அதையும் டிவியில் போடுவார்களா என்று கேட்டாள். மறுநாள் மீன் மார்க்கெட்டில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்திருந்தது. மிச்சப் பாதிக்கு அதற்கு மறுநாள். இருபத்தெட்டு வருஷமாக அம்மா நைனாவைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை சார். இந்த வாரம் முழுக்கப் பேசினாள்.

பென்டிரைவை வீட்டு டிவியில் போட்டு எல்லோருமாகக் கேட்டோம். சுப்பராயலு மாமாவும் வந்திருந்தார். அவர் நைனாவோடு ஒன்றாக ஏரிக்குப் போனவர், பழைய கொயர் ஆள், எழுபத்தொரு வயசு. அந்தத் தனிக்குரல் வரும்போது நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவர் மூச்சு இழுத்தார். பாட்டு அவ்வளவு மனப்பாடம். முடிந்ததும், "நல்லா பாடிக்கிறான்" என்று சொல்லிவிட்டு, டீ குடிக்காமல் எழுந்து போய்விட்டார். நைனா ஞாபகம் வந்திருக்கும்.

குடும்பத்துக்கு முழுச் சம்மதம். ஆனால் அந்தக் குறிப்பேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் பார்க்க வேண்டும். பெட்டியை நான் திறந்து பார்த்ததே இல்லை. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து அனுப்புங்கள்.

இளவரசி

சென்னை
20 பிப்ரவரி 2025

இளவரசி அவர்களுக்கு,

கேட்ட பக்கத்தின் ஜெராக்ஸ் இத்துடன் இருக்கிறது. படிக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெரிய வெள்ளித் தேதியின் கீழ் பதினான்கு ஆண்களின் பெயர். ஐந்து பெயருக்கு நேராக ஒன்றும் இல்லை. எட்டுப் பெயருக்கு நேராக 'பாடு' என்று எழுதியிருக்கிறது. தருமன் பெயருக்கு நேராக மட்டும் 'சு. பாடு'. பெரிய வெள்ளி என்பதால், இது கிறிஸ்துவின் பாடுகளைக் குறிக்கிறதோ என்று முதலில் யோசித்தேன். ஆட்களின் பெயருக்கு நேராக அந்தப் பொருள் பொருந்தவில்லை. ஆகவே 'பாடு' என்றால் பாடுவது என்பதுதான். 'சு' என்பது சுயம், அதாவது தனிக்குரல். சபை இசை பற்றி ஆராய்கிற பேராசிரியர் ஒருவரிடம் காட்டினேன். அவரும் ஒப்புக்கொண்டார்.

இன்னொரு பக்கத்தில் 'பாடு – சீட்டு' என்ற தலைப்பின் கீழ் பெயர்களும் தேதிகளும் வருடம் முழுவதற்கும் இருக்கின்றன. யார் பாடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்த பாடகர் குழு வேறெங்கும் இருந்ததாக நானோ பேராசிரியரோ அறியவில்லை. ஆறாம் பகுதியே அங்கேதான் தொடங்குகிறது. வர்ணனை பதிவாகிவிட்டது. மார்ச் 30 ஞாயிறு ஒளிபரப்பு.

ஒரு சின்ன முரண் உண்டு. ஒலிப்பதிவாளர் வினோத், கேசட்டில் மொத்தம் ஐந்து ஆண் குரல்தான் கேட்கிறது என்று அடித்துச் சொல்கிறார். ஒன்பது பேர் பாடியிருக்க வேண்டும். மற்ற நால்வரும் மைக்கிலிருந்து தள்ளி நின்றிருக்கலாம் என்று எடுத்துக்கொண்டேன்.

பிரபாகரன்

பழவேற்காடு
8 மார்ச் 2025

பிரபாகரன் சாருக்கு,

உங்கள் கடிதம் வந்து பதின்மூன்று நாள் ஆகிறது. முதல் நாளே பதில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அதற்குக் காரணம் தபால் இல்லை, நான்தான்.

சார், எங்கள் ஏரியில் வலை கட்ட எல்லோரும் எல்லா இடத்துக்கும் போக முடியாது. இறால் ஓடும் இடங்களைப் பிரித்து, வருஷத்துக்கு ஒரு தரம் சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறை வைப்பார்கள். அந்த இடத்துக்கும் பாடு என்றுதான் பேர், அந்த முறைக்கும் பாடு என்றுதான் பேர். "இன்னிக்கு எனக்கு பாடு" என்று ஒருவன் சொன்னால் அவன் ஏரிக்குப் போகிறான் என்று அர்த்தம். விட்டால் அடுத்த முறை எப்போது வருமோ. அதனால் கல்யாணமோ கருமாதியோ, பாடு இருக்கிறவன் போய்த்தான் ஆக வேண்டும்.

மாமனார் கொயருக்கு வந்தவர்கள் பேருக்கு நேராக எதுவும் எழுத மாட்டார். இதை என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொல்வார். "வந்தவன் எதிர்ல நிக்கிறான், அவனைப் பத்தி எழுத இன்னா இருக்கு" என்று கேட்பாராம். வராதவனுக்குத்தான் காரணம் எழுதுவார். காய்ச்சல், பொன்னேரி, பாடு. சீட்டுப் பக்கம் அவர் பஞ்சாயத்துப் பலகையைப் பார்த்து எழுதி வைத்தது. யார் என்றைக்கு ஏரிக்குப் போவார்கள் என்று தெரிந்தால்தானே பயிற்சி வைக்க முடியும்?

ஆகவே அன்றைக்குப் பாடியவர்கள் பேர் வெறுமையாக இருக்கிற ஐந்து பேர். உங்கள் வினோத் கெட்டிக்காரர். அவரிடம் சொல்லுங்கள்.

ஜெராக்ஸைப் பார்த்த உடனே இது எனக்குத் தெரிந்துவிட்டது. பெயருக்கு நேராக 'பாடு' என்று பார்த்தால் பழவேற்காட்டில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். நைனா சர்ச்சிலேயே இல்லை. ஜெராக்ஸை மடித்து அரிசி டின்னுக்குள் வைத்தேன். அம்மா அப்போது வாசலில் யாரிடமோ, "என் வூட்டுக்காரர் கொரலு டிவில வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. பழைய ஆட்களில் மிச்சம் இருப்பது சுப்பராயலு மாமா மட்டும்தான். அவரும் பேசவில்லை. பன்னிரண்டு நாள் இப்படித்தான் போனது சார். மறைக்காமல் சொல்கிறேன்.

'சு'தான் உறுத்திக்கொண்டே இருந்தது. நேற்று மாமா வீட்டுக்குப் போய் ஜெராக்ஸைக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"வாத்தியாரு எழுதியே வெச்சிட்டாரா" என்றார்.

"சு-ன்னா இன்னா மாமா?"

"நான்தான்."

அன்றைக்குப் பாடு நைனாவுக்கு இல்லையாம். சுப்பராயலு மாமாவுக்காம். அந்த நாலு வரியை மாமனார் மாமா குரலுக்காகவே எழுதி, நாற்பது நாள் பழக்கியிருக்கிறார். நடுவில் புது வருஷச் சீட்டுப் போட்டதில் பெரிய வெள்ளியன்று மாமாவுக்குப் பாடு விழுந்துவிட்டது. நைனாவும் பேஸ்தான், அவரும் அன்றைக்குப் பாட வேண்டியவர். வெள்ளைச் சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு வைத்திருந்தாராம். காலையில் மாமா வீட்டுக்கு வந்து, "வலையைக் குடு, நீ போய் பாடு" என்றாராம்.

மாமா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவன் என் பாட்டுக்குப் போனான். நான் அவன் பாட்டுக்கு வந்தேன். அவ்ளோதான்மா." முதல் பாட்டு ஏரி, இரண்டாவது சர்ச்.

"ஏன் மாமா வாயைத் திறக்கல?"

"செத்தவனுக்கு ஒரு நல்ல பேரு வருது, வரட்டுமே. நான் உயிரோட கீறேன். எனக்கு இன்னாத்துக்கு?"

நைனா போன பிறகு அவர் ஏன் கொயரை விட்டார் என்றும் கேட்டேன். "பாடு மாத்திக்க யாரு இருந்தா?" என்றார்.

சுப்பராயலு மாமா பேரைப் போடுங்கள். நைனா பேரை எடுத்துவிடுங்கள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டுச் சொல்வேன். அப்போதுதான் பின்வாங்க முடியாது.

இளவரசி

சென்னை
14 மார்ச் 2025

இளவரசி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன்.

பழவேற்காட்டுக்கு நான் ஐந்து முறை வந்திருக்கிறேன். படகுத்துறையில் டீ குடித்திருக்கிறேன். அந்தச் சொல்லை என் காதுபடப் பலமுறை சொல்லியிருப்பார்கள். நான் யாரையும் பொருள் கேட்கவில்லை. தமிழ்ச் சொல்தானே, இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். தெலுங்கிலோ டச்சிலோ எழுதியிருந்தால் கேட்டிருப்பேன். முப்பத்தோரு வருடத்தில் இதைவிட எளிதான தவறை நான் செய்ததில்லை.

வினோத்திடம் சொன்னேன். "நான்தான் அஞ்சுன்னு சொன்னேனே சார்" என்றார். இனி ஒரு மாதம் சொல்வார்.

சானலில் பேசினேன். முடித்துக் கொடுத்த பகுதியைத் திறக்க மாட்டோம் என்றார்கள். தவறு என்று தெரிந்த பிறகு ஒளிபரப்பினால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். இரண்டு வாரம் தள்ளித் தந்திருக்கிறார்கள். ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு. சீட்டுக் குலுக்கிப் பாடும் குழு என்ற என் கண்டுபிடிப்பு போகிறது. பேராசிரியருக்கு வருத்தம்தான். எனக்கு அவ்வளவு இல்லை. ஏரியில் முறை வைத்துப் பிழைப்பவர்களை வைத்து, அவர்கள் சாமி எது என்று கேட்காமல், ஒருவர் நான்கு குரல் சபைப் பாட்டு நடத்தினார் என்பது நான் எழுதியதைவிடப் பெரிய செய்தி. அதுவே உண்மையும்.

ஆனால் ஒன்றில் நீங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. தருமன் பெயரை எடுக்க மாட்டேன். அவர் ஏரிக்குப் போகாவிட்டால் அந்தக் குரல் கேசட்டில் இல்லை. நிருபனுக்கு இது செய்தியின் ஒரு பாதி. 'நன்றி: தருமன்' என்று போடலாமா, 'உதவி: தருமன்' என்று போடலாமா? நீங்கள் முடிவு செய்யுங்கள். 'பாடு' என்றால் என்ன என்பதை உங்கள் குரலிலேயே இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். நான் விளக்கினால் மறுபடியும் தவறாகிவிடும்.

அம்மாவிடம் சொன்னீர்களா?

பிரபாகரன்

பழவேற்காடு
21 மார்ச் 2025

பிரபாகரன் சாருக்கு,

சொன்னேன். அம்மா கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "அன்னிக்கு எறாலு" என்றாள்.

நைனா அன்றைக்கு மூன்று கூடை இறாலோடு கரையேறினாராம். மூன்றையும் நேராக சுப்பராயலு மாமா வீட்டில் இறக்கிவிட்டு வெறுங்கையோடு வந்தாராம். அம்மா ஏன் என்று கேட்டதற்கு, "அது அவனுது" என்று மட்டும் சொன்னாராம். அம்மா நம்பவில்லை. வலைக்குப் போனவன் ஒருத்தன், இறால் இன்னொருத்தனுக்கா, ஏதோ சூதாட்டத்தில் தோற்றிருக்கிறான் என்று நினைத்துச் சண்டை போட்டாளாம். "அவர் சாகற வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டிக்கினே இருந்தேன். கட்டையில போற மனுஷன், வாயைத் தெறந்து ஒரு வார்த்தை சொன்னா இன்னா" என்றாள். திட்டுகிற மாதிரிதான் சொன்னாள். ஆனால் சாயங்காலம் மாமா வீட்டுக்கு அவளே போனாள். அந்த வீட்டு வாசலை அவள் மிதித்து முப்பது வருஷம் ஆகிறது.

நன்றி என்று போடாதீர்கள். நைனா யாருக்கும் உதவி செய்யவில்லை, முறை மாற்றிக்கொண்டார். இறால் மாமாவுக்கு, பாட்டும் மாமாவுக்கு என்று ஆகிவிட்டதே, அப்போது நைனாவுக்கு என்ன என்று நானும் யோசித்தேன். அன்றைக்கு அவர் இருந்த இடம்தான் அவருடையது. வாத்தியார் எழுதி வைத்தது போலவே போடுங்கள்.

பாட்டு: சுப்பராயலு
பாடு: தருமன்

பேசியதைப் பதிவு செய்து என் வீட்டுக்காரர் மெயிலில் அனுப்பியிருக்கிறார். பின்னால் ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்கும். எடுக்காதீர்கள்.

இளவரசி

சென்னை
15 ஏப்ரல் 2025

இளவரசி அவர்களுக்கு,

ஞாயிறு ஒளிபரப்பு நல்லபடி போனது. பார்த்திருப்பீர்கள்.

ஒரு தொல்லை. கடைசிப் பெயர்ப் பட்டியலில் எழுத்துப் பிழை என்று இதுவரை இருபத்தாறு பேர் எழுதியிருக்கிறார்கள். ஒரு தமிழாசிரியர், 'பாட்டு' என்பதையே இரண்டாம் முறை ஒற்று விட்டு எழுதியிருக்கிறீர்கள் என்கிறார். அவர்கள் உங்கள் இரண்டு நிமிடத்துக்குப் பிறகு டிவியைத் திருப்பியவர்கள் போலிருக்கிறது. மறு ஒளிபரப்புக்காக சானலில் ஒருவர் அதை 'பாடல்: தருமன்' என்று திருத்தியே வைத்துவிட்டார். நான் தடுத்து நிறுத்தியிருக்கிறேன். வாய்வார்த்தை போதாது, ஊரிலிருந்து எழுத்தில் வேண்டும் என்கிறார்கள். கையெழுத்தோடு ஒரு வரி அனுப்புங்கள். இந்த முறை கேட்பது நான்.

பிரபாகரன்

பழவேற்காடு
19 ஏப்ரல் 2025

பிரபாகரன் சாருக்கு,

அந்த ஒரு வரி: தருமன் என்ற பெயருக்கு நேராக உள்ள 'பாடு' என்ற சொல் சரியானது, அதில் ஒரு புள்ளியையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். இதில் நானும், அம்மாவும், சுப்பராயலு மாமாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். மாமா போட்டது மூன்றாவது. நடுங்கியிருந்தாலும் அவருடையதுதான்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் உட்கார இடமில்லை. பெயர்கள் வந்தபோது குப்பத்து ஆட்கள் யாரும் பிழை என்று சொல்லவில்லை. அம்மா மட்டும், "இவருக்கு பாடுன்னு எழுதினதுக்கு, எனக்கும் போட்டிருக்கலாம். நான் பட்ட பாடு கொஞ்சமா?" என்றாள். சுப்பராயலு மாமா இந்தத் தரம் டீ குடித்தார்.

நேற்று பெரிய வெள்ளி. ஆராதனைக்கு அரைமணி முன்னால் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு மாமா சர்ச் வாசலில் வந்து நின்றார். அவர் பங்குக்கு இப்போது மகன் தீனாதான் ஏரிக்குப் போகிறான். "என் பாட்டுக்குப் போக இப்ப ஆளு கீது. பேஸ்ல எடம் கீதா?" என்றார். குரல் பழைய மாதிரி இல்லை சார், கீழே போகிறபோது கொஞ்சம் உடைகிறது. மேலே எழுந்தால் யாருக்கும் வேறு வேலை ஓடாது.

குறிப்பேட்டை நீங்கள் திருப்பி அனுப்பியதும் நானும் அதே மாதிரி ஒன்று போட்டிருக்கிறேன். நேற்று பதினோரு ஆண்கள் பேர். நான்கு பேருக்கு நேராகப் பாடு என்று எழுதினேன், ஒருவனுக்குக் காய்ச்சல். மாமா பேருக்கு நேராக ஒன்றும் எழுதவில்லை.

இளவரசி